மாடல் ஜெட்டின் சக்கரம் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்து லேண்டிங் கியரைச் சரிசெய்வது எப்படி

மாடல் ஜெட்டில் லேண்டிங் கியர் தகராறு செய்தால் முதலில் கை போவது சக்கரக் காலை மடக்கி விரிக்கும் ரிட்ராக்ட் யூனிட்டின் மேல்தான். அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால், கொஞ்ச நாளில் அதே கோளாறு திரும்பி வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வளைந்த உலோக பின் (pin), கதவில் உரசும் டயர், திணறும் பிஇசி (மின்னணுப் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பாகம்), கோணலாக உட்கார்ந்த மவுண்ட் (யூனிட்டைத் தாங்கும் தட்டு) என்று குற்றம் வேறெங்கோ இருக்க, தண்டனை மட்டும் யூனிட்டுக்குக் கிடைக்கும். அதனால் இந்த வழிமுறையில் யூனிட்டைத் திறப்பது கடைசி வேலை.

உங்கள் விமானத்தில் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிட்டிலிருந்து சர்வோவில் (விமானத்தின் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) வருவது போல மூன்று வயர் வந்து ரிசீவருக்கு (ரேடியோ சிக்னலை வாங்கும் பெட்டி) போனால், கட்டுப்பாட்டு போர்டு யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. 64 முதல் 90 மி.மீ. வரை ஃபேன் உள்ள ஃபோம் ஜெட்டுகளில் பெரும்பாலும் இதுதான். மோட்டார் வயர்கள் எல்லாம் ஒரு தனிப் பெட்டியில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெட்டிதான் கன்ட்ரோலர். வயருக்குப் பதில் மெல்லிய குழாய் வந்தால் காற்றில் ஓடும் கியர்.

வேலையைத் தொடங்கும் முன் ஃபேன் மோட்டாரின் வயர்களை இஎஸ்சியிலிருந்து (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) பிடுங்கிவிடுங்கள். கியர் சுவிட்சைத் தேடும் அவசரத்தில் கை த்ராட்டிலில் பட்டால் விமானம் மேஜையிலிருந்து கிளம்பிவிடும். விமானத்தை ஃபோம் தொட்டிலில் மல்லாக்கப் போடுங்கள். ஒரு சர்வோ டெஸ்டர், 6 வோல்ட் தரும் ஒரு தனி பேட்டரி, முனை தேயாத 1.5 மற்றும் 2 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முனை தேய்ந்த டிரைவரோடு கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத குட்டி ஸ்க்ரூ) தொடவே தொடாதீர்கள். அதன் குழி வழுக்கிவிட்டால் அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மூன்று காலும் அசையவே இல்லை

மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். பொதுவாக இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்: சேனல், மின்சாரம், ஒரு சேனலை மூன்று காலுக்கும் பிரிக்கும் ஒய் கேபிள். ரிசீவரின் கியர் சேனலில் ஒரு சாதாரண சர்வோவைச் செருகி சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். சர்வோ நகரவில்லை என்றால் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரில் சுவிட்சே அந்த சேனலுக்கு ஒதுக்கப்படவில்லை. கொஞ்சமாக மட்டும் நகர்ந்தால் டிராவல் (சேனல் சிக்னலின் வீச்சு) குறைவு. இந்த யூனிட்டுகள் பல்ஸ் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் வேலை செய்யும், எனவே இரண்டு பக்கமும் 100 சதவீதம் வையுங்கள், போதாவிட்டால் 120 வரை ஏற்றிப் பாருங்கள். சில யூனிட்டுகள் பேட்டரி போட்டதும் தாமாக நகராது. சுவிட்சை ஒருமுறை மேலும் கீழும் தட்டிய பிறகுதான் விழிக்கும். அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காகச் செய்தது.

ஒரு கால் மட்டும் அடம்பிடிக்கிறது

அடிக்கடி வருவது இதுதான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். யூனிட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுற்றுகிறது. தண்டின் மேல் ஒரு நட் முன்னும் பின்னும் நகர்ந்து, காலைப் பிடித்திருக்கும் ட்ரனியன் கட்டையைச் சாய்க்கிறது. முனைக்கு வந்துவிட்டோம் என்பது பெரும்பாலான யூனிட்டுகளுக்கு எப்படித் தெரியும்? சுவிட்ச் எதுவும் கிடையாது. நட் முட்டியதும் மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்கும். அதைப் பார்த்து போர்டு மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். டயர் கதவில் உரசினாலும், பின் வளைந்து கட்டையை நெருக்கினாலும், போர்டுக்கு எல்லாம் ஒன்றுதான்: “ஆம்பியர் ஏறிவிட்டது, முனை வந்துவிட்டது, நிறுத்து.” பாதியில் நிற்கும் கால் பெரும்பாலும் கெட்டுப்போன கால் இல்லை, தடுக்கப்பட்ட கால்.

முதலில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். இடது காலின் பிளக்கை வலது காலின் இடத்தில் செருகுங்கள். கோளாறு இடம் மாறினால் கேபிளோ கன்ட்ரோலரோதான் குற்றவாளி. கோளாறு காலோடேயே இருந்தால் மேலே போகலாம்.

அடுத்து காதைக் கொடுங்கள். மோட்டார் அரை நொடி உறுமிவிட்டு நின்றால் எங்கோ முட்டுகிறது. தாராளமாகச் சுற்றும் சத்தம் கேட்டும் கால் நகராவிட்டால் பல்சக்கரத்தின் பல் போயிருக்கிறது, அல்லது நட்டின் உள்மரை தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லை என்றால் வயர், போர்டு, மோட்டார் மூன்றில் ஒன்று. வயர் யூனிட்டுக்குள் நுழையும் இடத்தில் சாலிடர் விட்டுப்போவது சகஜம். அந்த இடத்தில் வயரை லேசாக அசைத்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினால் தெரிந்துவிடும்.

முட்டுகிறது என்று தெரிந்தால் ஸ்ட்ரட்டை (சக்கரம் மாட்டிய கால்தண்டு) கட்டையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு வெறும் யூனிட்டை ஓட்டுங்கள். இப்போது முழுதாக ஓடினால் தடை வெளியே இருக்கிறது. டயர் கிணற்றின் (சக்கரம் மடங்கிப் போய் உட்காரும் குழி) ஓரத்தில் கறுப்புத் தடம் இருக்கிறதா, கதவின் கீல் மடங்கியிருக்கிறதா, கால் லேசாகத் திரும்பி டயர் பக்கச் சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். டயரின் ஓரத்தில் சுண்ணாம்புக்கட்டியைத் தடவி ஒருமுறை உள்ளே அனுப்பினால், உரசும் இடத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் ஃபோமைச் சீவிவிட்டால் போதும்.

வெறும் யூனிட்டும் பாதியில் நின்றால் நேராக மோட்டாருக்குப் போகாதீர்கள். மவுண்டில் இருக்கும் நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது ஓடினால் மவுண்ட் தட்டு சமமாக இல்லை. இறுக்கும்போது யூனிட்டின் சட்டம் முறுக்கிக்கொண்டு, கட்டையையும் தண்டையும் நெருக்குகிறது. எந்த மூலை தூக்கியிருக்கிறது என்று பார்த்து, அங்கே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் குப்பைக்குப் போன நல்ல யூனிட்டுகள் ஏராளம்.

தளர்த்தியும் ஓடாவிட்டால், ட்ரனியன் கட்டை சுழலும் குறுக்குப் பின்னை வெளியே எடுத்து ஒரு கண்ணாடியின் மேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும். வளைந்த பின்னைச் சுத்தியலால் நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். அடுத்த இறக்கத்தில் அது அதே இடத்தில், இன்னும் சுலபமாக வளையும்.

இத்தனைக்கும் பிறகுதான் யூனிட்டைத் திறக்கலாம். தண்டில் மண்ணும் பழைய கிரீசும் கலந்த பசை இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) மசகு கொஞ்சம் போடுங்கள். டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேயை மசகாக நினைத்து அடிக்க வேண்டாம். அது இருக்கும் நல்ல கிரீசையும் கரைத்துவிட்டு, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நட்டின் மரை போயிருந்தால் நட்டை மட்டும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் புது யூனிட் வாங்கத் தயங்க வேண்டியதில்லை, இப்போது காரணம் தெரிந்து வாங்குகிறீர்கள்.

மேஜையில் ஓடுகிறது, வானத்தில் ஓடவில்லை

தரையில் எத்தனை முறை தட்டினாலும் சமர்த்தாக மடங்கி விரிகிறது, பறக்கும்போது மட்டும் ஒரு கால் பாதியில் நிற்கிறது. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கால் எந்தத் திசையில் மடங்குகிறது என்பதுதான்.

முன்னோக்கி மடங்கும் கால் காற்றை எதிர்த்து ஏறும், இறங்கும்போது காற்றே அதைத் தள்ளிவிடும். பின்னோக்கி மடங்கும் கால் நேர் எதிர்: ஏறுவது சுலபம், இறங்கும்போது காற்றை எதிர்த்து முன்னே வர வேண்டும். நிஜ எஃப்-16இல் மெயின் கால்கள் முன்னோக்கியும் முன்கால் பின்னோக்கியும் மடங்கும். அதன் மாடலில் மெயின் கால் உள்ளே போகவில்லை, அல்லது முன்கால் முழுதாக இறங்கவில்லை என்றால் காற்றின் மேல் சந்தேகப்படுவது நியாயம். எஃப்-18இல் எல்லாம் தலைகீழ், முன்கால் முன்னோக்கி, மெயின் கால்கள் பின்னோக்கி. ஏ-10ஐ வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். மூன்று காலையும் முன்னோக்கியே மடங்க வைத்தார்கள், குண்டடி பட்டு ஹைட்ராலிக் போனாலும் எடையும் காற்றுமே காலை இறக்கிவிடும்.

இதற்கு முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. விமானம் முழு வேகத்தை எட்டும் முன்பே கியரை ஏற்றுங்கள், இறக்கும்போது த்ராட்டிலைக் குறைத்து, வேகம் விழுந்த பிறகு சுவிட்சைத் தட்டுங்கள். திரும்பிக்கொண்டிருக்கும்போது தட்ட வேண்டாம், ஜி விசையில் காலின் எடை பெருகும்.

வேகம் குறைந்தும் நின்றால் அடுத்த சந்தேகம் வோல்ட்டேஜ். பறக்கும்போது எல்லா சர்வோக்களும் சுமையோடு வேலை செய்கின்றன, பிஇசியிலிருந்து கியருக்கு வந்து சேருவது மேஜையில் வந்ததைவிடக் குறைவு. வானத்தை மேஜைக்குக் கொண்டுவரலாம்: கியரை ஓட்டிக்கொண்டே ஒரு விரலால் காலை லேசாக எதிர்த் திசையில் தள்ளுங்கள், இன்னொருவர் ஸ்டிக்குகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கட்டும். நல்ல கால் விரலைத் தள்ளிக்கொண்டு போகும். நோஞ்சான் கால் நின்றுவிடும். இரண்டு மெயின் கால்களையும் இப்படி ஒப்பிட்டால் எது பலவீனம் என்று கையே சொல்லிவிடும்.

கியர் சுவிட்சைத் தட்டினால் ரிசீவர் மயங்குகிறது

சக்கரம் ஏறும்போது சர்வோக்கள் உதறினால், ரிசீவரின் விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தால், அன்றைக்குப் பறப்பதை நிறுத்திவிடுங்கள். இது கியர் கோளாறு என்பதைவிட விமானத்தையே இழக்கவைக்கும் கோளாறு. மூன்று மோட்டாரும் முனையில் ஒரே நேரத்தில் திணறும் அந்த நொடியில் மின்னோட்டம் குபீரென்று ஏறி வோல்ட்டேஜ் சரியும். 3.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் பல ரிசீவர்கள் தாக்குப்பிடிக்காது.

2 அல்லது 3 ஆம்பியர் மட்டும் தரும் பழைய லீனியர் பிஇசியில் ஏழெட்டு சர்வோவும் மூன்று ரிட்ராக்டும் ஓட்டுவது கேட்டு வாங்கும் தொல்லை. 5 ஆம்பியருக்கு மேல் தரும் தனி ஸ்விட்சிங் பிஇசி போடுங்கள். இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசியின் சிவப்பு வயரை அப்போது மறக்காமல் பிரித்துவிட வேண்டும், இரண்டு பிஇசி ஒன்றோடொன்று மல்லுக்கட்டக் கூடாது. இன்னும் நல்லது, கன்ட்ரோலர் உள்ள கியருக்குத் தனி பேட்டரி. கியர் என்ன ஆட்டம் ஆடினாலும் ரிசீவர் நிம்மதியாக இருக்கும். வோல்ட்டேஜை ஏற்றும் முன் யூனிட்டின் உச்ச வரம்பைப் பாருங்கள். 6 வோல்ட்டுக்குச் செய்த யூனிட்டில் 2எஸ் (இரண்டு செல்) லிப்போ பேட்டரியை நேராகக் கொடுத்தால், முழு சார்ஜில் 8.4 வோல்ட் போய் போர்டு புகைந்துவிடும்.

காற்று கியர்: அழுத்தம் நிற்கவில்லை

தொட்டியில் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தம் வரை, பொதுவாக 100 பிஎஸ்ஐ அளவில், காற்றை நிரப்பிவிட்டுக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். இரண்டு நிலையிலும், அதாவது கால்கள் கீழே இருக்கும்போது ஒருமுறை, மேலே இருக்கும்போது ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பலர் கீழ்நிலையில் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இரண்டு நிலையிலும் அழுத்தம் இறங்கினால் தொட்டி, நிரப்பும் வால்வு, கேஜ், தொட்டியிலிருந்து கட்டுப்பாட்டு வால்வு வரையிலான குழாய், இவற்றில்தான் கசிவு. மேல்நிலையில் மட்டும் அழுத்தம் இறங்கினால் மேலே தூக்கும் பக்கத்துக் குழாய்களையும் இணைப்புகளையும் மட்டும் பார்த்தால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் இணைப்புகளில் தடவுங்கள், குமிழி வரும் இடமே கசிவு. எலக்ட்ரானிக் வால்வின் மேல் மட்டும் சோப்பு நீர் படக் கூடாது.

குமிழியே வராமல் வால்வின் வெளியேற்றுத் துளையில் மட்டும் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் குற்றவாளி: சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஓ-ரிங், அல்லது வால்வே. பிரித்தறிய எளிய வழி உண்டு. காலை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, கீழே இறக்கும் பக்கத்துக் குழாயைச் சிலிண்டரிலிருந்து உருவிவிடுங்கள். சிலிண்டரின் அந்தத் துளையில் காற்று வந்தால் பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது, ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் நழுவுகிறது. வராமல் வால்வில் மட்டும் சத்தம் தொடர்ந்தால் வால்வை மாற்றுங்கள். மூன்று சிலிண்டருக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள், விரலைக் காலின் பாதையில் வைக்காமல்.

இணைப்பில்தான் கசிவு என்றால் பெரும்பாலும் குழாயின் முனை கோணலாக வெட்டப்பட்டிருக்கும், அல்லது பலமுறை உருவிச் செருகியதில் கீறல் விழுந்திருக்கும். புது பிளேடால் நேராக 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி செருகுங்கள். ஓ-ரிங்கை மாற்றும்போது அதன் ரப்பருக்கு ஏற்ற மசகைத் துளியாகத் தடவுங்கள். பல கிட்டுகளில் சிலிக்கான் எண்ணெயைச் சொல்லியிருப்பார்கள். கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலைத் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போய் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

கால் படாரென்று அடித்துக்கொண்டு இறங்குகிறது என்றால் அது கசிவு இல்லை. குழாயில் காற்றைக் குறைத்து அனுப்பும் ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைச் சேர்த்தால் நிதானமாக இறங்கும், மவுண்ட்டின் ஆயுளும் கூடும்.

கால் ஆடுகிறது, சக்கரம் திரும்பிப் பார்க்கிறது

ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு ஒரு பக்கச் சக்கரம் வெளியே திரும்பி நிற்கிறதா? ஸ்ட்ரட்டை யூனிட்டின் பின்னில் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ, உருண்டையான பின்னின் மேல் வெறும் உராய்வில் நின்றுகொண்டிருக்கிறது. எத்தனை இறுக்கினாலும் திரும்பத்தான் செய்யும். பின்னில் ஒரு தட்டையான இடம் வேண்டும்.

விமானத்தை நிறுத்தி, இரண்டு டயர்களின் பக்கவாட்டிலும் ஒவ்வொரு நேரான கார்பன் குழாயை ஒட்டவைத்து, முன்னும் பின்னும் குழாய்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், முன்பக்கம் ஒரு நூலளவு குறைந்தால் தப்பில்லை. வெளியே விரிந்திருந்தால் தப்பு. சரியான நிலையில் கிரப் ஸ்க்ரூவை நன்றாக இறுக்கிவிட்டுக் கழற்றுங்கள். பின்னில் ஒரு சின்ன வட்டத் தழும்பு பதிந்திருக்கும். அந்தத் தழும்பை நடுவாக வைத்து, அரை மி.மீ. ஆழத்துக்கு அரத்தால் தட்டையாக்குங்கள். அதிகம் வேண்டாம், 4 மி.மீ. பின்னில் ஒரு மி.மீ. அரைத்தால் அங்கேயே முறியக்கூடும். அரத்தூளையும் எண்ணெயையும் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, லாக்டைட் 243 ஒரு துளி விட்டு இறுக்குங்கள். 243 நீல நிறம், பிறகு கைக்கருவியாலேயே கழற்றலாம். ரொம்பச் சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா நிற 222 போதும். இந்தத் திரவம் பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகை பிளாஸ்டிக் வெடிப்பு விடும், எனவே பிளாஸ்டிக் மவுண்ட் பக்கத்தில் எச்சரிக்கை.

பின் இறுக்கமாக இருந்தும் சக்கரம் திரும்பினால், ஓலியோ காலின் (ஸ்பிரிங் வைத்து அமுங்கும் கால்) கத்தரி இணைப்பைப் பாருங்கள். அமுங்கும் குழாய் திரும்பாமல் பிடித்திருப்பது அதுதான். அதன் சின்ன பின்கள் நழுவி விழுவது வழக்கம்.

கால் அமுங்கிவிட்டு மேலே வராமல் சிக்கினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லும் முன் உள்குழாயை எடுத்துக் கண்ணாடியில் உருட்டுங்கள். வளைந்திருந்தால் மாற்றுங்கள். கீறல் மட்டும்தான் என்றால் 1000 எண் நீர்த்தாளால் மெருகேற்றி, லேசாக கிரீஸ் தடவிப் போடுங்கள்.

ஓடும்போது நேராகப் போகவில்லை

விமானத்தைக் கையால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். அப்போதும் ஒரு பக்கம் இழுத்தால் சக்கரக் கோணம், சிக்கிய பிரேக், இறுகிய ஆக்சில் ஆகியவற்றில் ஒன்று. ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிவிட்டு எது சீக்கிரம் நிற்கிறது என்று பாருங்கள். சக்கரத்தை ஒட்டி நெருக்கும் காலரை நூலளவு தள்ளி வைப்பதே பாதி நேரம் தீர்வாகிவிடும்.

மெதுவாகத் தள்ளினால் நேராகப் போய், வேகத்தில் மட்டும் பாம்பாக நெளிந்தால் முன்சக்கரம்தான். வேகமாக ஓடும்போது முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் 10 அல்லது 15 டிகிரி திருப்பம் தாராளம், எக்ஸ்போவும் (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) கொஞ்சம் சேருங்கள். சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தால் டயரின் ஓரத்தில் இரண்டு மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. ட்ரெய்லிங் லிங்க் காலைப் பின்னுக்கு முன்னாக மாட்டிவிட்டால் ஆக்சில், திரும்பும் அச்சுக்கு முன்னால் போய்விடும். பிறகு எந்த டிரிம்மும் அதை அடக்காது. ஆக்சில் எப்போதும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வர வேண்டும். ஜைரோ (விமானத்தைத் தானாக நிலைப்படுத்தும் கருவி) வைத்திருந்தால் அதை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நெளிவு நின்றுபோனால் அதன் கெயின் (உணர்திறன்) தான் காரணம்.

கிளம்ப மறுக்கிறது, இறங்கினால் துள்ளுகிறது

ஓடுபாதை முடியும்வரை ஓடியும் மூக்கு தூக்காத ஜெட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மூக்கு தாழ்ந்து நின்றால் இறக்கை விமானத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. முன்காலை நீட்டியோ, கொஞ்சம் பெரிய முன்சக்கரம் போட்டோ ஓரிரு டிகிரி மூக்கைத் தூக்குங்கள். அப்படியும் மறுத்தால் மெயின் ஆக்சில் எங்கே இருக்கிறது என்று அளங்கள். சிஜி (விமானத்தின் எடை மையம்) புள்ளியிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கோடு இழுத்தால், அது செங்குத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி பின்னால் சாய்ந்திருப்பது வழக்கம். அதற்கும் பின்னால் போனால் எலிவேட்டர் பாடாய்ப் படும், முன்னால் வந்தால் விமானம் வாலில் உட்காரும்.

துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் கியர் இல்லை, வேகமாக வந்து முன்சக்கரத்தை முதலில் தரையில் வைப்பதுதான். அது இல்லை என்று உறுதியானால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். விமானம் தன் எடையில் நிற்கும்போது கால் தன் அமுங்கும் தூரத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ அமுங்கியிருந்தால் நல்லது. அசையாமல் நின்றால் ஸ்பிரிங் கெட்டி, அடியில் போய் முட்டினால் ஸ்பிரிங் நோஞ்சான்.

மவுண்டோடு பிய்ந்து வந்துவிட்டது

ஃபோம் இறக்கையில் பிளாஸ்டிக் பெட்டி பசையோடு பெயர்ந்து வந்தால், அதே குழியில் பசையை ஊற்றி அமுக்குவது தற்காலிகத் தீர்வு. சுமை மறுபடி அந்தச் சின்ன இடத்திலேயே விழும். பழைய பசையைச் சுரண்டுங்கள், ஃபோமை 100 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஆல்கஹாலில் துடையுங்கள். மவுண்டைவிட எல்லாப் பக்கமும் ஒரு கட்டைவிரல் அகலம் பெரிதாக 3 மி.மீ. பிர்ச் பிளைவுட் தட்டு வெட்டி, அது உட்காரும் அளவுக்குக் குழி எடுங்கள். தட்டை இறக்கையின் கார்பன் குழாயோடு சேர்த்து ஒட்ட முடிந்தால், மோதும் விசை ஃபோமுக்குப் போகாமல் குழாய்க்குப் போகும். 30 நிமிட எபாக்ஸியைத்தான் நான் சொல்வேன். 5 நிமிட எபாக்ஸி குழிக்குள் பரவும் முன்பே கெட்டியாகிவிடும். சிஏ பசையும் (சூப்பர் குளூ) ஆக்டிவேட்டரும் அடித்து ஒட்டிய இணைப்பு மொறுமொறுப்பாகி, அதிர்வில் விட்டுப்போகும்.

ஸ்க்ரூ மட்டும் மரத்தில் பிடி இழந்திருந்தால் துளையில் மெல்லிய சிஏ ஒரு சொட்டு விட்டு, காய்ந்த பிறகு மறுபடி திருகுங்கள். பிளைவுட் தட்டு போட்டவர்கள் பின்பக்கம் நகமுள்ள பிளைண்ட் நட் வைத்து எம்3 போல்ட் போட்டுக்கொள்ளலாம், இனி பிடி போகாது.

மேம்படுத்தும்போது

கம்பிக் காலை எடுத்துவிட்டு அலுமினிய ட்ரெய்லிங் லிங்க் காலும் உலோக ட்ரனியனும் போட ஆசை வருவது இயல்பு. புல்லில் ஓட்டுகிறவர்களுக்கு அது உண்மையிலேயே நன்மை. ஆனால் கடினமான இறக்கத்தில் வளைந்து விசையை வாங்கிக்கொண்டது அந்த மலிவான கம்பிதான். எதுவுமே வளையாத கியர் விசை முழுவதையும் இறக்கைக்குள் அனுப்பும். ஆகவே காலைப் பலப்படுத்தினால் மவுண்டையும் பலப்படுத்துங்கள். கூடவே எங்காவது ஒரு இடத்தைப் பலவீனமாக விட்டுவையுங்கள். மவுண்டின் பின்வரிசையில் உலோகத்துக்குப் பதில் நைலான் போல்ட் போடுவது என் விருப்பம். அது அறுந்தால் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டுவிட்டு மாலையே பறக்கலாம்.

வாங்கும் முன் “80 மி.மீ. ஜெட்டுக்கு” என்ற விளம்பர வரியை நம்பாமல் அளவெடுங்கள். ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, யூனிட்டின் உயரம், பின்னின் விட்டம், பின்னிலிருந்து ஆக்சில் வரை காலின் நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பலர் விட்டுவிடுவது சுழலும் கோணம். எல்லா யூனிட்டும் 90 டிகிரி திரும்புவதில்லை. 85, 95, 100 என்றும் வரும். இறக்கையின் சாய்வுக்கேற்பத் தயாரிப்பாளர் அதைத் தேர்ந்திருப்பார். 95க்குப் பதில் 90 போட்டால், சக்கரம் கிணற்றில் முழுதாகப் படுக்காது, அல்லது இறங்கியபின் கோணலாக நிற்கும்.

காற்றிலிருந்து மின்சாரத்துக்கு மாறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சில காற்று அமைப்புகளில் அழுத்தம் குறைந்தால் வால்வு தானே கியரை இறக்கிவிடும். மின் கியர் மின்சாரம் போன இடத்திலேயே நின்றுவிடும், எனவே அதன் பேட்டரியை ஒவ்வொரு முறையும் சார்ஜ் பார்த்துத்தான் கிளப்ப வேண்டும்.

பழையதையும் புதியதையும் தராசில் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள். முன்கால் 30 கிராம் கூடியது, அது சிஜியிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றால், 600 கிராம் பேட்டரியை 2 செ.மீ. பின்னால் தள்ளினால்தான் பழைய சமநிலை வரும். பேட்டரி தட்டில் அந்த 2 செ.மீ. இடம் இருக்கிறதா என்பதை கியர் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் மல்லாக்கப் போட்டும் நிறுத்தி வைத்தும் கியரை ஏற்றி இறக்குங்கள், நடுவில் மோட்டார் சூடாறக் கொஞ்சம் இடைவெளி விட்டு. ரட்டரை ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், திரும்பிய முன்சக்கரம் கிணற்றில் மாட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு தரையில் மட்டும் ஓட்டி, முதல் பறப்பு முடிந்ததும் எல்லா கிரப் ஸ்க்ரூவையும் டிரைவரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.